பில்லை ‘ஸ்பிளிட்’ பண்ணுவதா, ‘செப்பரேட்’ பண்ணுவதா? பிரிப்பதற்கு ஆங்கிலத்தில் எத்தனை சொல்?

உப்புவெளி விருந்தகம்:

வணக்கம் எல்லோருக்கும். திருகோணமலை உப்புவெளியில் அம்மாவும் நானும் வீட்டோடு சேர்ந்த நாலு அறைகளை வெளிநாட்டு ஆட்களுக்கு வாடகைக்குக் கொடுக்கிறோம். சாப்பாடும் எங்கள் குசினியில்தான். நான் உயர்தரம் வரை படித்தவள், ஆங்கிலம் வாசித்தால் விளங்கும், ஆனால் கதைக்கும்போது எந்தச் சொல்லைப் போடுவது என்று தடுமாறுகிறேன். அதிலும் தமிழில் ‘பிரி’ என்று ஒரே சொல்லில் முடிக்கிற இடங்கள் வந்தால் சரியான கஷ்டம்.

போன சீசனில் நடந்ததைச் சொல்கிறேன். திமிங்கிலம் பார்க்க வந்த நாலு பேர் எங்களிடம் தங்கினார்கள். இரவுச் சாப்பாடு முடிந்ததும் ‘செப்பரேட் பில்ஸ் ப்ளீஸ்’ என்றார்கள். எனக்கு அதுவும் ‘ஸ்பிளிட் த பில்’ என்பதும் ஒன்றாகவே பட்டது. மொத்தத்தை நாலால் வகுத்து நாலு துண்டு எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு பிள்ளை ரொட்டியும் சம்பலும் பிளேன்ரீயும்தான் எடுத்தது, மற்ற மூன்று பேரும் நண்டும் இறாலும். அந்தப் பிள்ளை ஒரு வார்த்தை சொல்லாமல் காசைக் கட்டிவிட்டது. இரவு கொப்பியில் கணக்கு எழுதும்போதுதான் எனக்கு விளங்கியது. விடிந்ததும் மிச்சக் காசைக் கொண்டுபோய்க் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். சிரித்துக்கொண்டே வாங்கியது, ஆனால் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

இப்போது எங்கள் இடத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதுகிறேன். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழி, கோயிலடிப் பாறையில் இருக்கிற இராவணன் வெட்டு, டச்சு பே, பேக் பே என்ற இரண்டு குடாக்கள் எல்லாம் எழுத வேண்டும். இராவணன் வெட்டுக்கு ஒருவர் ‘கட்’ என்கிறார், ஒருவர் ‘கிளெப்ட்’ என்கிறார், என் தம்பி ‘ஸ்பிளிட்’ போடு என்கிறான். அகராதியைத் திறந்தால் ஸ்பிளிட், டிவைட், செப்பரேட், ஷெயார், பார்ட் எல்லாவற்றுக்கும் பிரி, பிரி, பிரி. எதை எங்கே போடுவது என்று யாராவது உதாரணத்தோடு சொல்லித் தர முடியுமா?

உவர்மலை ரீச்சர்:

தங்கச்சி, முப்பது வருடத்துக்கு மேல் ஆங்கிலம் படிப்பித்தவள் என்ற முறையில் முதலில் ஒன்று சொல்கிறேன். தமிழில் ஒரே சொல் என்று நினைப்பதை விடுங்கள். விறகைப் பிளக்கிறோம், தேங்காயை உடைக்கிறோம், கணக்கை வகுக்கிறோம், மீனைக் கூறு போடுகிறோம், இருப்பதைப் பகிர்ந்து உண்கிறோம், காணியைப் பங்கு பிரிக்கிறோம், தலைக்கு உச்சி பிரிக்கிறோம். இதில் ஒன்றையாவது நீங்கள் மாற்றிச் சொல்வீர்களா? விறகை வகுத்தேன் என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லாது. அந்தக் காது உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது, அதை ஆங்கிலத்தின் பக்கம் திருப்பினால் போதும்.

ஸ்பிளிட் என்றால் பிளப்பது. ஒரே பொருளாக இருந்தது, ஒரு கோட்டில், அனேகமாக நீளப்பாட்டில், ஒரு விசையோடு இரண்டாகப் போகிறது. கோடரியால் விறகு, வெயிலில் காய்ந்த பலகை, விழுந்து அடிபட்ட உதடு எல்லாம் ஸ்பிளிட். தலை பிளக்கிற மாதிரி வலித்தால் அதுவும் ஸ்பிளிட்டிங் ஹெடேக், நாங்கள் சொல்வது போலவேதான். கடையில் வாங்கும் மைசூர்ப் பருப்புப் பக்கெட்டைப் பாருங்கள், ஸ்பிளிட் என்று போட்டிருக்கும், ஏனென்றால் அது முழுப் பயறு இரண்டு பாதியாகப் பிளந்தது. இந்தச் சொல் 16ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் ஆங்கிலத்தில் வருகிறது, டச்சுக்காரர் பக்கத்துச் சொல், ஆரம்பத்தில் கப்பல் பாறையில் மோதிப் பிளப்பதற்கு அதிகம் பயன்பட்டது. துறைமுகத்தை வைத்துக்கொண்டு வாழும் எங்களுக்கு இதை மறக்க வழியில்லை.

தமிழ் ‘பிள’வுக்கும் ஸ்பிளிட்டுக்கும் இன்னொரு ஒற்றுமை உண்டு. பிரிந்தது, பிரித்தான் என்று தானாக நடந்ததற்கும் ஒருவர் செய்ததற்கும் வேறு வடிவம் வைத்திருக்கிறோம், உடைந்தது உடைத்தான் என்பதும் அப்படியே. ஆனால் பாறை பிளந்தது, பாறையைப் பிளந்தான், இரண்டுக்கும் ஒரே பிளந்த. ஸ்பிளிட்டும் அப்படித்தான், தானாகப் பிளந்தாலும் யாரும் பிளந்தாலும் ஸ்பிளிட்.

உங்கள் பில்லுக்கு வருவோம். ஸ்பிளிட் த பில் என்றால் பில் ஒன்றுதான், அந்த ஒன்றைப் பிளந்து எடுக்கிறார்கள், வேறு ஒன்றும் சொல்லாவிட்டால் சமபங்கு என்றே எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். செப்பரேட் பில்ஸ் என்றால் முதலிலிருந்தே நாலு பில், அவரவர் சாப்பிட்டது அவரவருக்கு. செப்பரேட் என்ற சொல்லின் உயிரே அதுதான். தன்தன் பாட்டில் வேறு வேறான பொருள்களை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கி வைப்பது. அரிசியிலிருந்து கல், முட்டையில் வெள்ளைக்கருவிலிருந்து மஞ்சள்கரு. கல்லும் அரிசியும் ஒருநாளும் ஒரே பொருளாக இருந்ததில்லை, ஒரே சுளகில் கிடந்தன, அவ்வளவுதான். அதனால்தான் அங்கே ஸ்பிளிட் வராது. பிரெட்ரிக் கோட்டை நிற்கும் முனைதான் பேக் பேயை டச்சு பேயிலிருந்து பிரிக்கிறது. உங்கள் பக்கத்தில் அந்த இடத்துக்கு ‘செப்பரேட்ஸ்’ போட்டு அடுத்து ‘ப்ரம்’ போடுங்கள், அழகாக உட்காரும். ஒரு கவனம்: செப்பரேட் வினையாக வந்தால் கடைசி அசையை நீட்டி ‘ரேய்ட்’ என்று சொல்ல வேண்டும், செப்பரேட் பில்ஸ் மாதிரிப் பெயருக்கு முன்னால் வந்தால் ‘செப்ரட்’ என்று சுருங்கும். எழுத்துக் கூட்டும்போது நடுவில் வருவது ‘ஏ’, ‘ஈ’ அல்ல. இங்கிலாந்துக்காரரே தடுக்கி விழுகிற இடம் அது.

ஷெயார் வேறு குணம். அதற்குள் இன்னொரு ஆள் இருக்கிறார். பழைய ஆங்கிலத்தில் வெட்டுதல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது, ஆட்டு மயிர் கத்தரிக்கும் ‘ஷியர்’ அதன் உறவு, கலப்பைக் கொழுவின் ஆங்கிலப் பெயரிலும் ஒரு ஷெயார் இருக்கிறது. வெட்டிய துண்டு பங்கானது, பங்கு பகிர்வானது. இப்போது ஒரு அறையை இரண்டு பேர் ஷெயார் பண்ணினால் அறை துண்டாவதில்லை, ஒரு படத்தை நூறு பேருக்கு ஷெயார் பண்ணினாலும் உங்களிடம் இருப்பது குறைவதில்லை. ஒரு பணிஸை ஷெயார் பண்ணினால் மட்டும் பாதிதான் மிஞ்சும். ஆகவே விருந்தினர் ‘வீ வில் ஷெயார்’ என்று சொன்னால் ஒரு கோப்பைச் சாப்பாட்டை இரண்டு பேர் சாப்பிடப் போகிறார்கள், பில்லைப் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை என்று எடுங்கள்.

பார்ட் என்பதில் கொஞ்சம் மனவருத்தம் கலந்திருக்கும். பார்ட் ப்ரம் என்றால் ஆளை விட்டுப் பிரிவது, பார்ட் வித் என்றால் வைத்திருந்த பொருளை மனமில்லாமல் கைவிடுவது. தலை வகிடும் பார்ட்டிங்தான். வகு, வகிர், வகிடு என்று எங்கள் சொற்களும் ஒரே குடும்பம்போலத்தான் நிற்கின்றன.

இராவணன் வெட்டுக்கு என் முடிவு: பெயராக எழுதும்போது ‘இராவணாஸ் கட்’. வெட்டினவன் ஒருவன் இருக்கிறான் என்பதுதானே கதை, தாய்க்காக மலையையே பெயர்க்க வந்து வாளால் வெட்டினான் என்று. கட் என்ற சொல்லில் அந்தக் கை தெரியும். ஸ்பிளிட் போட்டால் பாறை தானாகப் பிளந்த மாதிரியும் இருக்கும், இராவணன் காணாமல் போய்விடுவான்.

கிண்ணியாக் கணக்கு வாத்தியார்:

ரீச்சர் டிவைட்டை விட்டுவிட்டார், அது எனக்கென்று விட்டது என்று எடுத்துக்கொள்கிறேன். தங்கை, டிவைட் என்பது அளந்து பிரிப்பது. கோடரி இல்லை, கணக்கு இருக்கிறது. பிள்ளைகளை மூன்று குழுவாக, நாளை நேரசூசியாக, மாவட்டத்தைப் பிரதேச செயலகப் பிரிவுகளாகப் பிரிப்பதெல்லாம் டிவைட். எங்கள் மாவட்டம் 11 பிரிவாக இருக்கிறது, அதை ஒருவரும் 11 ஆக ஸ்பிளிட் பண்ணியது என்று எழுதமாட்டார்கள். தமிழில் வகுத்தலிலிருந்துதான் வகுப்பு என்ற சொல்லும், அதை நான் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுவேன்.

ஆனால் டிவைட்டுக்குப் பின்னால் வரும் சின்னச் சொல் ஆளைக் கவிழ்க்கும். ‘டென் டிவைடட் பை டூ’ என்றால் விடை 5. ‘டிவைட் டூ இன்டூ டென்’ என்றாலும் விடை 5தான், ஏனென்றால் அங்கே கேட்பது பத்துக்குள் இரண்டு எத்தனை முறை போகும் என்று. பார்வைக்கு இரண்டைப் பத்தாக வகு என்பதுபோலத் தெரியும், ஆங்கில மொழிமூலத்தில் புதிதாகச் சேர்ந்த நல்ல கெட்டிக்காரப் பிள்ளைகளும் தலைகீழாகச் செய்துவிட்டு வந்து நிற்பார்கள். கணக்கில் இல்லாமல் பொருளுக்கு வந்தால் அதே ‘இன்டூ’ வேறு மாதிரி: கேக்கை ‘டிவைட் இன்டூ டென்’ என்றால் பத்துத் துண்டு. இன்னும் மோசமானது ‘பை ஹாவ்’. பத்தை ‘டிவைட் இன் ஹாவ்’ என்றால் 5, ‘டிவைட் பை ஹாவ்’ என்றால் அரையால் வகுப்பது, விடை 20. வாயில் வரும்போது ஒன்றுபோலக் கேட்கும், கணக்கில் நாலு மடங்கு வித்தியாசம்.

சரி, பில்லுக்கு ஒரு விஷயம். ‘ஸ்பிளிட் இட் த்ரீ வேய்ஸ்’ என்று அவர்கள் சொன்னால் மூன்று சமபங்கு, நேராக வகுக்கலாம்.

ஓர்ஸ்ஹில் வாசகன்:

நானா, எங்களுக்கு ஓஎல் (சாதாரண தர) வகுப்பில் சொல்லித் தந்தது: இரண்டு பேர் என்றால் ‘பிட்வீன்’, மூன்று பேரும் அதற்கு மேலும் என்றால் ‘அமங்’. டிவைட் பிட்வீன், டிவைட் அமங். இதையும் சேர்த்து எழுதிவிடுங்கள், தங்கச்சிக்கு உதவும்.

இராவணன் வெட்டு விஷயத்தில் மட்டும் நான் ரீச்சரோடு உடன்படவில்லை. வெளிநாட்டவர் எழுதும் பயணக் குறிப்புகளில் கிளெப்ட் என்றும் வருகிறது, பாறையில் மேலிருந்து கீழே ஆழமாக இறங்கும் பிளவுக்கு ஆங்கிலத்தில் இருக்கிற சொந்தச் சொல் அது. அங்கே போய்க் கீழே எட்டிப் பார்த்தவருக்குத் தெரியும், வெட்டு என்பதை விடப் பிளவு என்பதுதான் கண்ணுக்குப் படுவது.

உவர்மலை ரீச்சர்:

தம்பி, இரண்டு பேருக்குப் பிட்வீன் என்பது சரி, ஆனால் மூன்றென்றால் அமங்தான் என்பது பாடப்புத்தகச் சுருக்கம், நானும் அப்படித்தான் தொடங்கிப் பிறகு திருத்திக்கொண்டேன். ஆட்கள் இன்னார் இன்னார் என்று தனித்தனியாகத் தெரிந்தால் மூன்றுக்கும் நாலுக்கும் பிட்வீன் வரலாம். நகையை மூத்தவள், நடுவிலாள், கடைக்குட்டி மூவருக்கும் பிரித்தார் என்றால் பிட்வீன் பிழையில்லை. ஊரில் உள்ளவர்களுக்கு என்று மொத்தமாகச் சொன்னால் அமங்.

கிளெப்டைப் பற்றிச் சொன்னது நியாயம். ஆகவே பெயரில் கட் வைத்து, அடுத்த வரியில் அது எப்படி இருக்கும் என்று விவரிக்கும்போது கிளெப்ட் போடலாம். கதை ஒரு சொல்லில், கண்ணால் காண்பது மற்றதில். கிளெப்ட் பிறந்தது ‘கிளீவ்’ என்ற வினையிலிருந்து, அதைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியவில்லை. கிளீவ் என்றால் பிளப்பது, அதே கிளீவுக்குப் பின்னால் ‘டூ’ வந்தால் விடாமல் ஒட்டிக்கொள்வது. ஒரே சொல்லுக்கு எதிரெதிர்ப் பொருள் என்று பிள்ளைகள் ஆச்சரியப்படுவார்கள், உண்மையில் பழைய ஆங்கிலத்தில் அவை வேறு வேறு இரண்டு சொற்கள், காலப்போக்கில் உருவம் ஒன்றாகிவிட்டது. இப்போது பேச்சில் யாரும் கிளீவ் பாவிப்பதில்லை, வேதாகம நடையிலும் விஞ்ஞானத்திலும் மிஞ்சியிருக்கிறது.

குசினிக்காரன்:

ஹோட்டல் குசினியில் பதினைந்து வருடமாக நிற்கிறேன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ரீச்சர் சொன்ன கிளீவ் எங்கள் பலகையிலும் கிடக்கிறது. உள்ளிப்பல்லுக்கு ஆங்கிலத்தில் ‘குளோவ்’, அது அந்தக் கிளீவின் உறவு, முழு உள்ளி பிளந்து வரும் ஒரு கூறு. கராம்புக்கும் குளோவ் என்றுதான் பெயர், ஆனால் அது வேறு சொல், லத்தீனில் ஆணி என்று பொருள், கராம்பைப் பார்த்தால் சின்ன ஆணி மாதிரித்தானே. புதிதாக வந்த பெடியன் ஒருவன் ஆங்கிலக் குறிப்பைப் பார்த்து ‘நாலு குளோவ்’ என்ற இடத்தில் நாலு உள்ளிப்பல்லுக்குப் பதிலாகக் கராம்பைப் போட்டான். மணத்திலேயே தெரிந்துவிட்டது, முழுக் கறியையும் திரும்பச் செய்தோம்.

தேங்காய்ப்பால் கொதித்துத் திரைந்தால் ‘த மில்க் ஹாஸ் ஸ்பிளிட்’ என்பார்கள். பாலும் எண்ணெயும் தன்பாட்டில் விலகிவிட்டது என்று பார்த்தால் செப்பரேட்டும் சொல்லலாம், ஆனால் குசினியில் ஸ்பிளிட்தான் கேட்கும், அதில் கெட்டுப்போச்சு என்ற குறை சேர்ந்து வருகிறது. கருவாட்டுக்கு மீனை நெடுக்கக் கீறி விரிப்பதும் ஸ்பிளிட். தோடம்பழச் சுளை ‘செக்மென்ட்’, அதைக் கையால் பிரிக்கும்போது செப்பரேட்.

தங்கச்சி, நீங்கள் ஓடர் எடுக்கும்போதே கேளுங்கள், ஒரு பில்லா தனித்தனியா என்று. சாப்பிட்டு முடிந்தபிறகு யார் எதை எடுத்தார் என்று ஞாபகப்படுத்துவது யாருக்கும் கஷ்டம்.

நொத்தாரிசு அலுவலகத்தில் வேலை:

கொஞ்சம் விலகிப் போகிறேன், ஆனால் இந்தச் சொற்களால் ஆட்கள் காணியையும் காசையும் இழப்பதைப் பார்த்தவள் என்பதால் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஆங்கிலத்தில் எழுதிய காணி உறுதிகளில் ‘அன்டிவைடட்’ என்ற சொல் வரும். ‘அன்டிவைடட் வன் தேர்ட் ஷெயார்’ என்றால் மூன்றில் ஒரு பங்கு உங்களுக்கு, ஆனால் அது எந்த மூலை, எந்த வேலிப்பக்கம் என்று ஒருவரும் சொல்ல முடியாது. மண்ணில் ஒவ்வொரு பிடியிலும் மூன்று பேருக்கும் பங்கு இருக்கிறது என்று அர்த்தம். தகப்பன் விட்டுப்போன காணியில் மூத்தவர் ரோட்டுப் பக்கம் வீடு கட்டி இருந்தாலும், உறுதியில் அன்டிவைடட் என்று இருந்தால் ரோட்டுப் பக்கம் சட்டப்படி அவருடையது ஆகாது. வெளிநாட்டில் இருக்கிற ஆட்கள் ஷெயார் என்ற சொல்லைப் பார்த்துத் தனித் துண்டு என்று நம்பி விலை கொடுத்து வாங்கிவிட்டு, பிறகு வேலி போட வந்து சண்டையில் நிற்பார்கள்.

அதைத் துண்டாக்குவதற்குப் பெயர் ‘பார்ட்டிஷன்’. பங்காளிகள் எல்லோரும் ஒத்துக்கொண்டால் நில அளவையாளரைக் கொண்டு பிளான் வரைந்து, ‘லொட்’ இலக்கம் போட்டு, உறுதி எழுதி முடிக்கலாம். ஒத்துவராவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் பார்ட்டிஷன் வழக்கு, 1977இன் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி. வீட்டுக்குள் பலகையால் அடிக்கும் மறைப்புக்கும் பார்ட்டிஷன்தான் பெயர், கருத்து ஒன்றுதான், நடுவில் எல்லை போடுவது.

இன்னொன்று ‘செவரல்’. பள்ளிக்கூடத்தில் ‘பல’ என்று படித்தோம். வங்கிக் கடனுக்குப் பிணை நிற்கும் கடதாசியில் ‘ஜொயின்ட்லி அன்ட் செவரலி’ என்று வரும், அங்கே அது ‘பல’ அல்ல, ‘தனித்தனியாக’. இந்தச் செவரலும் செப்பரேட்டும் ஒரே லத்தீன் வேர், பழைய பொருள் சட்டத்தில் அப்படியே தங்கிவிட்டது. இரண்டு பேர் பிணை நின்றால் ஆளுக்குப் பாதி என்று நினைத்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். அது பிழை. கடன் எடுத்தவர் கட்டாவிட்டால் முழுக் கடனையும் ஒருவரிடமே கேட்கலாம். கடன் ஸ்பிளிட் ஆகவில்லை, இரண்டு தலையிலும் முழுதாக நிற்கிறது. தயவுசெய்து வீட்டில் யாரும் கையெழுத்துப் போடப் போனால் இந்த ஒரு சொல்லையாவது சொல்லி அனுப்புங்கள்.

உயர்தர உயிரியல் பிள்ளை:

எங்கள் பாடத்திலும் இருக்கிறது. ஒரு கலம் இரண்டாகப் பிரிவதைக் கலப்பிரிவு என்கிறோம், ஆங்கிலத்தில் டிவிஷன், எல்லாம் ஒழுங்காக எண்ணிக் கொடுக்கப்படுகிறது. பௌதிகத்தில் அணுக்கருவுக்குப் பிளவு, ஆங்கிலத்தில் ‘பிஷன்’. இந்தப் பிஷன் என்ற சொல்லைப் பௌதிகக்காரர்கள் உயிரியலில் இருந்துதான் கடன் வாங்கினார்கள், ஓட்டோ பிரிஷ் என்ற விஞ்ஞானி 1939இல் பக்டீரியா இரண்டாகப் பிளப்பதற்கு இருந்த சொல்லை எடுத்து அணுக்கருவுக்கு வைத்தார். எங்கள் ஆட்களும் அங்கே பிரிவு போடாமல் பிளவு போட்டது எனக்கு நல்ல விருப்பம்.

உப்புவெளி விருந்தகம்:

இவ்வளவு பேர் இருந்து எழுதுவீர்கள் என்று நினைக்கவே இல்லை, எல்லோருக்கும் நன்றி. நொத்தாரிசு அக்கா சொன்னதை வாசித்துவிட்டு அம்மா பெட்டியில் இருந்து எங்கள் உறுதியை எடுத்துப் பார்த்தார், அன்டிவைடட் என்றுதான் இருக்கிறது. மாமாவோடு கதைக்க வேண்டும்.

இப்போது ஓடர் கொப்பியின் முதல் பக்கத்தில் ‘வன் பில் ஓர் செப்பரேட் பில்ஸ்?’ என்று எழுதி ஒட்டிவிட்டேன், உட்கார்ந்தவுடனே கேட்பேன். இராவணன் வெட்டுக்கு ரீச்சரும் அண்ணாவும் சொன்ன மாதிரி இரண்டையும் வைத்து எழுதினேன்: பெயர் இராவணாஸ் கட், அதன் கீழே ‘எ டீப் கிளெப்ட் இன் த ரொக், ஸ்பிளிட்டட் பை த கிங்ஸ் ஸ்வோர்ட்’. சரியா ரீச்சர்?

உவர்மலை ரீச்சர்:

மிக நன்றாக இருக்கிறது, ஒரு திருத்தம் மட்டும். ஸ்பிளிட் இறந்தகாலத்திலும் ஸ்பிளிட்தான், கட் போல மாறாது. ‘டட்’ஐ எடுத்துவிட்டு அப்படியே போடுங்கள்.